இருபத்தாறு செக்கன்

பம்பலப்பிட்டிக் கடையில்
கண்ணாடி மூடிக்குள் சுழன்றது புதியது.
இரண்டு இலட்சத்து எழுபத்தையாயிரம்.
"தவணைக்கும் தரலாம் மடம்" என்றான் டிலுக்‌ஷன்.
நான் கொண்டுபோன இசைத்தட்டைத்
தன் சட்டை நுனியால் துடைத்து வைத்தான்.
அதற்கே நான் எழும்பி வந்திருக்க வேண்டும்.

வரவில்லை. பாடகி பாடத் தொடங்கினாள்,
அது அவளில்லை.
அவளுடைய தங்கச்சி மாதிரி,
படியேறி இளைக்காத,
கடன் கேட்டுப் பழகாத ஒருத்தி.
"வேகம் கூடவோ?"
கைபேசியால் அளந்து காட்டினான்:
முப்பத்து மூன்றும் மூன்றில் ஒன்றும்.
மயிரிழை பிசகில்லை.
அப்படியென்றால்
வெள்ளவத்தையில் பத்தொன்பது வருசமாக
என்னோடு இருக்கிறவள் யார்?

வீட்டிலிருப்பது ஜப்பான் சாமான்.
மெல்பேர்ண் புறப்பட்ட குடும்பம் ஒன்று
தெகிவளையில் எல்லாவற்றையும் விற்றபோது
அலுமாரிக்கு விலை பேசப் போய்
இதைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.
அலுமாரி எங்கள் படியில் ஏறாது.
உப்புக்காற்று அதன் பின்பாரத்தை அரித்துவிட்டது.
ஆறு நாற்பது ரயிலுக்கு ஊசி துள்ளும் என்று
அதன் தலையில் ஒட்டிவைத்தேன்
ஐந்து சதக்குத்தி ஒன்றை.
ஒரு கடையும் வாங்காத காசு
அங்கே மட்டும் உத்தியோகம் பார்த்தது.

மின்வெட்டு வருசத்தில்
ஜெனரேட்டரில் ஓடிய இரவுகளில்
அவள் கொஞ்சம் அவசரப்பட்டாள்.
நாடு கிடக்கிற கிடையில்
அவளுக்கும் பதற்றம் என்று விட்டுவிட்டேன்.
அதுதான் சரியான சுருதி என்று
இப்போது தெரிகிறது.
இருண்ட ஊரில், டீசல் புகைக்குள்,
ஒரு பிழையை இன்னொரு பிழை
ஆருக்கும் சொல்லாமல் திருத்தியிருக்கிறது.

மருதானையில் மர்சூக்
பெல்ட்டை ஒரு விரலில் தொங்கவிட்டார்.
தூக்கத்தில் திறந்த வாய் போல் அது தொங்கிற்று.
"மோட்டர் நல்லா ஈக்கி மிஸ்.
பெல்ட்டும் ஊசியும் மாத்தினா போதும்.
எறியத் தேவல்ல."
பிறகு, நேர்மையான மனுசன்,
"பெயாரிங்கும் தேஞ்சி தான் ஈக்கி.
எவ்வளவு காலம் ஓடும், அது அல்லாஹ்வுக்குத் தான் தெரியும்."
சதக்குத்தியை நகத்தால் பெயர்த்து
என் உள்ளங்கையில் வைத்தார்.
"புது ஊசிக்கி இந்தப் பாரம் கூட."
பதினெட்டாயிரத்து ஐந்நூறு.

கேட்டேன்:
"பழைய வேகத்திலேயே விட ஏலாதோ?"

என் வேலை அளவை நிறுவைத் திணைக்களத்தில்.
புறக்கோட்டைத் தராசுகளைப் பரிசோதித்து
முத்திரை குத்துகிறவள் நான்.
பருப்பில் ஐந்து கிராம் குறைந்ததற்கு
முதலாளி ஒருவரைக்
கோட்டு வாசலில் நிற்க வைத்திருக்கிறேன்.
மர்சூக்குக்கு இது தெரியாது.
தெரிந்திருந்தால்
இன்னும் நேரம் பார்த்திருப்பார் என்னை.

புதியதை வாங்கலாம். காசு இருக்கிறது,
கடைவாய்ப் பல்லை இன்னொரு வருசம்
மறுபக்கத்தால் சப்பிச் சமாளித்தால்.
புதியது துள்ளாது. புதியது தேயாது, இப்போதைக்கு.
இரண்டு தட்டிலும் வைத்து வைத்துப் பார்க்கிறேன்,
முள் நடுவில் நிற்கிறது.
வேலையில் இப்படி நின்றால்
முத்திரை குத்திவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவேன்.

நேற்றுப் பின்னேரம்
ஒன்றரைச் சுண்டு அரிசியைப் போட்டுவிட்டு,
அதே சுண்டு, அதே தண்ணீர்,
முதல் பக்கத்தை வைத்தேன்.
கடைசிப் பாட்டின் கடைசி வீணைத் தந்தியும்
ரைஸ் குக்கரின் 'டக்'கும்
இவ்வளவு காலமும் ஒன்றாக விழும்.
நேற்று அவள் முந்திவிட்டாள்.
ஊசி உள்வட்டத்தில் சும்மா சுற்ற
அகப்பையோடு நின்றேன்.
மேல்வீட்டில் கதிரை இழுபட்டது.
கடல் கேட்டது. இந்த நேரத்தில் அது கேட்கும் என்று
எனக்குத் தெரியாது.
இருபத்தாறு செக்கன்.
டக்.

டிலுக்‌ஷன் எடுத்திருந்தான்:
"ஒதுக்கி வச்சிருக்கிறன் மடம். வெள்ளி மட்டும்தான்."
இன்றைக்குப் புதன்.
மர்சூக் தேயிலைப் பக்கெட்டில் சுற்றித் தந்த
பழைய பெல்ட்டால்
கறிவேப்பிலைப் பையின் வாயைக் கட்டினேன்.
இரண்டு சுற்று போதவில்லை.
மூன்று.